வீட்டு அலுவலகத்துக்கு எந்த சர்ஜ் புரொட்டெக்டர்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

வீட்டில் ஒரு மேசையை அலுவலகமாக்கிக்கொண்டு வேலை பார்ப்பவர்களிடமிருந்து, சர்ஜ் என்றும் ஸ்பைக் என்றும் நாம் சொல்லும் மின்னெழுச்சியை, அதாவது மின்னழுத்தம் கணநேரம் திடீரென்று உயர்வதைப் பற்றித் தொடர்ந்து கடிதங்கள் வந்துகொண்டிருக்கின்றன. அவற்றுள் ஒன்றோடொன்று தொடர்புடைய சிலவற்றைத் தேர்ந்து, இந்த இதழின் பக்கங்களை முழுவதும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன். முதல் பதிலில் சொல்லியிருப்பது பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் அடிப்படை என்பதால், வரிசையாகப் படித்து வரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: கணினி, மானிட்டர், ரவுட்டர், பிரிண்டர் எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகியிருக்கிறேன். அதில் சிவப்பு விளக்கு எரிகிறது, ஃப்யூஸும் இருக்கிறது. இதுவே சர்ஜ் புரொட்டெக்டர்தானே?

அப்படிச் சொல்வதற்கில்லை. சிவப்பு விளக்கு மின்சாரம் வந்திருப்பதைக் காட்டுகிறது; அதற்குமேல் அது எதையும் சொல்வதில்லை. ஃப்யூஸின் வேலையும் வேறு. தாங்கும் அளவைவிட அதிகமான மின்னோட்டம் பாயும்போது அதன் கம்பி சூடேறி உருகி இணைப்பைத் துண்டிக்கிறது. அதற்குச் சில மில்லி விநாடிகளாவது வேண்டும். சர்ஜ் அவ்வளவு நேரம் காத்திருப்பதில்லை. சோதனைக்கூடங்களில் சர்ஜுக்குப் பதிலாகச் செலுத்திப் பார்க்கும் நிலையான மின்னழுத்த அலை, 1.2 மைக்ரோ விநாடியில் உச்சத்தைத் தொட்டு, 50 மைக்ரோ விநாடிக்குள் பாதியாக இறங்கிவிடுகிறது. ஃப்யூஸ் சூடேறத் தொடங்குவதற்கு முன்பே கணினியின் பவர் சப்ளைக்குள் அது வந்து போய்விடும்.

சர்ஜ் என்றவுடன் நமக்கு மின்னல்தான் நினைவுக்கு வருகிறது. ஆனால் மின்வாரியம் தன் கம்பித்தடங்களை இணைத்துத் துண்டிக்கும்போதும், நின்றுபோன மின்சாரம் திரும்ப வரும் கணத்திலும், வீட்டுக்குள்ளேயே இருக்கும் ஏசி, குளிர்பதனப் பெட்டி, தண்ணீர் மோட்டார் ஆகியவை ஓடி நிற்கும்போதும் சிறிய சர்ஜ்கள் உண்டாகின்றன. இவை பெரும்பாலும் எதையும் உடனே எரித்துவிடுவதில்லை. ஆனால் மின்னணுப் பாகங்களையும், அவற்றைக் காக்க வைத்த பாதுகாப்புப் பாகத்தையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்துக்கொண்டே இருக்கின்றன.

அந்தப் பாதுகாப்புப் பாகத்துக்கு வேரிஸ்டர் என்று பெயர். எலெக்ட்ரீஷியன்கள் எம்ஓவி என்பார்கள். துத்தநாக ஆக்சைடுத் துகள்களைச் சிறிதளவு பிற ஆக்சைடுகளோடு கலந்து சுட்டெடுத்த பீங்கான் வில்லை அது. ஜப்பானின் மட்சுஷிடா நிறுவனத்தைச் சேர்ந்த மட்சுவோகா 1971இல் இதன் தன்மையை விளக்கி ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார். இயல்பான மின்னழுத்தத்தில் அந்த வில்லை ஏறக்குறைய மின்கடத்தாப் பொருளைப்போல் சும்மா இருக்கும். மின்னழுத்தம் ஓர் எல்லையைத் தாண்டியவுடன் ஆயிரக்கணக்கான ஆம்பியரைக்கூடத் தன் வழியாகப் போகவிடும். ஏரியின் கலிங்கைப் போன்றது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீர்மட்டம் அளவோடு இருக்கும்வரை கலிங்கில் ஒரு சொட்டும் வழியாது. அளவு மீறினால் மிகைநீர் அவ்வழியே வெளியேறிக் கரையைக் காப்பாற்றும். கலிங்குக்கு அப்பால் ஓடை இருக்க வேண்டும் என்பதையும் இப்போதே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எர்த் பற்றிய கேள்வியில் அது தேவைப்படும்.

சென்ற மாதம் பழுதான இரண்டு பெட்டிகளைத் திருகு கழற்றி என் மேசையில் திறந்து வைத்துப் பார்த்தேன். இரண்டின் அட்டையிலும் சர்ஜ் பாதுகாப்பு உண்டு என்றே அச்சிட்டிருந்தது. முதலாவதில் நீளவாக்கில் மூன்று பித்தளைப் பட்டைகள், ஒரு சுவிட்ச், ஒரு விளக்கு, ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே சட்டைப் பொத்தானைவிடச் சிறிய நீல வில்லை ஒன்று, இவ்வளவுதான் இருந்தன. அந்த வில்லையும் இரண்டாகப் பிளந்து, சுற்றியிருந்த பிளாஸ்டிக்கில் கரி படிந்திருந்தது. மின்சாரம் கொடுத்தால் விளக்கு மட்டும் வழக்கம்போல எரிந்தது. இரண்டாவதில் பெருவிரல் நகத்தைவிட அகலமான வில்லைகள் மூன்று இருந்தன. ஒவ்வொன்றையும் ஒட்டினாற்போல், சூடு மீறினால் அறுந்துவிடும் வெப்ப ஃப்யூஸ் ஒன்று இருந்தது. வில்லைகள் செயலிழந்தால் அணைந்துவிடும்படி ஒரு பச்சை விளக்கைத் தனியாக வைத்திருந்தார்கள். அந்த விளக்கு அணைந்ததால்தான் அதன் உரிமையாளருக்குப் பெட்டி பழுதானது தெரிந்தது. கணினிக்கு ஒன்றும் ஆகவில்லை.

உங்கள் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டிய அவசியமில்லை. பின்பக்க அட்டையில் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையமான ஐஇசியின் தர எண் ஐஇசி 61643-11 என்றோ, அதையொட்டி உங்கள் நாட்டில் வெளியிட்ட தர எண்ணோ, அமெரிக்காவின் யூஎல் அமைப்பின் தர எண் யூஎல் 1449 என்றோ இருக்கிறதா என்று பாருங்கள். ஆம்பியர் அளவும் வாட் அளவும் மட்டுமே இருந்தால் அது வெறும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் என்றே கொள்ளுங்கள்.

கேள்வி: ஒரு பெட்டியில் 400 ஜூல் என்றும், இன்னொன்றில் 2000 ஜூல் என்றும் போட்டிருக்கிறது. மூன்றாவதில் ஜூலே இல்லை, "யூ.பி. 1.5 கிலோவோல்ட்" என்று மட்டும் இருக்கிறது. எண் பெரிதாக உள்ளதை வாங்கிவிடலாமா?

ஜூல் எண்ணை மட்டும் பார்த்து வாங்குவதை நான் ஆதரிக்க மாட்டேன். பாதுகாப்பு வில்லைகள் செயலிழப்பதற்கு முன் எவ்வளவு ஆற்றலைத் தாங்கும் என்பதை அது குறிக்கிறது. ஆகவே அது ஆயுளைப் பற்றிய எண். உங்கள் கணினிக்குள் எவ்வளவு மின்னழுத்தம் நுழையும் என்பதைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. தவிர, ஃபேஸ்-நியூட்ரல், ஃபேஸ்-எர்த், நியூட்ரல்-எர்த் ஆகிய மூன்று இணைப்புகளிலும் உள்ள வில்லைகளின் ஜூலைக் கூட்டி ஒரே எண்ணாகப் போடுவது வழக்கம். 230 வோல்ட் மின்சாரத்துக்கான 20 மில்லிமீட்டர் வில்லை ஒன்று ஏறக்குறைய 150 ஜூல் தாங்கும். அப்படி மூன்று வைத்தால் அட்டையில் 450 என்று எழுதலாம். ஆனால் ஒரு குறிப்பிட்ட சர்ஜ் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே வந்தால், அதை முதன்மையாக எதிர்கொள்வது அந்த ஒரு வில்லைதான்.

முதலில் பார்க்க வேண்டியது "யூ.சி." என்ற எண்ணை. சாதனம் இடைவிடாமல் தாங்கக்கூடிய அதிகபட்ச மின்னழுத்தம் அது. 230 வோல்ட் மின்சாரம் உள்ள இடத்தில் இது 275 வோல்ட்டாகவோ 320 வோல்ட்டாகவோ இருக்க வேண்டும். மின்னழுத்தம் அடிக்கடி ஏறி இறங்கும் இடமென்றால் 320 வோல்ட்டையே நான் தேர்ந்தெடுப்பேன். இல்லாவிட்டால் சாதாரண நாளிலேயே வில்லை மெல்லச் சூடேறித் தன் ஆயுளைக் குறைத்துக்கொள்ளும். 120 வோல்ட் புழங்கும் நாட்டில் வாங்கிய பெட்டியை, அடாப்டர் முள்ளை மாற்றி 230 வோல்ட்டில் செருகவே கூடாது. அதிலுள்ள வில்லைகள் பெரும்பாலும் 150 வோல்ட்டுக்கு உரியவை. செருகிய கணத்திலேயே எரியத் தொடங்கிவிடும். வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் கொடுத்த பெட்டி புகைந்தது என்று எழுதுபவர்களின் கதை பெரும்பாலும் இதுதான்.

அடுத்தது "யூ.பி." என்ற எண். சர்ஜ் வந்து சாதனம் வேலை செய்யும்போது, அதைத் தாண்டி உங்கள் கருவிகளுக்குச் செல்லும் மின்னழுத்தத்தின் உச்சம் இது. எண் எவ்வளவு சிறிதோ அவ்வளவு நல்லது. 230 வோல்ட் மின்னிணைப்பில், கணினி போன்ற நுட்பமான மின்னணுக் கருவிகள் 1.5 கிலோவோல்ட்டையும், சாதாரண வீட்டுச் சாதனங்கள் 2.5 கிலோவோல்ட்டையும் தாங்கினால் போதும் என்பது ஐஇசியின் வகைப்பாடு. ஆகவே மேசைக்கருகே வைக்கும் பெட்டியின் யூ.பி. எண் 1.5 கிலோவோல்ட்டுக்குள் இருப்பது கட்டாயம். ஒரு கிலோவோல்ட்டை ஒட்டி வந்தால் சிறப்பு. யூஎல் முறையில் இதே பொருளுள்ள எண்ணை 330, 400, 500, 600 என்று படிப்படியாகக் குறிப்பார்கள். 120 வோல்ட்டுக்கான பெட்டிகளில் அதைப் பார்க்கலாம். இரண்டும் வெவ்வேறு சோதனைகளில் வந்த எண்கள் என்பதால் 330ஐயும் 1500ஐயும் நேருக்கு நேர் ஒப்பிட வேண்டாம்.

இவ்விரண்டும் சரியாக இருந்து, வெப்பத் துண்டிப்பும் உண்டு என்று உறுதியான பிறகு, மீதமுள்ள பெட்டிகளுக்குள் ஜூல் அதிகமானதை எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் குறிப்பிட்ட மூன்றில், மற்ற இரண்டிலும் யூ.பி. எண்ணே இல்லையென்றால், மூன்றாவதைத்தான் நான் வாங்குவேன். அதன் தயாரிப்பாளர் கணினிக்குத் தேவையான தகவலைக் கொடுத்திருக்கிறார்.

கேள்வி: வீடு மிகப் பழையது. சாக்கெட்டில் மூன்று துளைகள் இருந்தாலும் எர்த் கம்பி எதுவும் வரவில்லை என்று எலெக்ட்ரீஷியன் சொல்கிறார். நல்ல சர்ஜ் புரொட்டெக்டர் வாங்கினால் சமாளித்துவிடலாமா? கணினிப் பெட்டியின் பின்புறத்தைத் தொட்டால் சில நேரம் சுருக்கென்று இருக்கிறது.

இந்தக் கடிதத்துக்கு நேரிலேயே வந்து பதில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. நீங்கள் உணரும் அந்தச் சுருக்கு, எர்த் இல்லை என்பதற்குக் கருவியே தரும் சாட்சி. கணினியின் பவர் சப்ளைக்குள், இரைச்சலை வடிகட்டுவதற்காக ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் உலோகப் பெட்டிக்குச் சிறு மின்தேக்கிகளை இணைத்திருக்கிறார்கள். எர்த் இருந்தால் அவற்றின் வழியே கசியும் நுண்ணிய மின்னோட்டம் மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் பெட்டியின் உடல், வரும் மின்னழுத்தத்தில் ஏறக்குறைய பாதியில் மிதந்துகொண்டிருக்கும். நீங்கள் தொடும்போது உங்கள் உடலே எர்த்தாகிறது.

சர்ஜ் புரொட்டெக்டர் சர்ஜை விழுங்கித் தீர்த்துவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். அது சர்ஜை வேறு பக்கம் திருப்பிவிடும் கருவி. எர்த் இல்லாத சாக்கெட்டில் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவிலுள்ள வில்லை மட்டும் தன் வேலையைச் செய்யும். எர்த்தோடு இணைத்த மற்ற இரு வில்லைகளும், ஓடை இல்லாத கலிங்கு ஊருக்குள் தண்ணீரைத் திறந்துவிடுவதுபோல், சர்ஜைப் பெட்டியிலுள்ள எர்த் பட்டையில் ஏற்றிவிடும். அந்தப் பட்டையில்தான் கணினி, மானிட்டர், பிரிண்டர் எல்லாவற்றின் உலோக உடலும் ஒன்றாக இணைந்திருக்கின்றன. ஏறிய சர்ஜ் மண்ணுக்குப் போக வழி தேடும். நெட்வொர்க் கேபிளோ கேபிள் இணைப்போ கிடைத்தால் அதன் வழியே வெளியேறும். போகும் வழியிலுள்ள சில்லுகளை எரித்துவிட்டுப் போகும். ஆகவே எர்த் இல்லாத இடத்தில் விலை உயர்ந்த பெட்டியை வாங்கினாலும் பாதிப் பாதுகாப்புதான் கிடைக்கும். சில சமயம் அந்தப் பெட்டியே சேதத்துக்கு வழி வகுத்துவிடும்.

முதலில் எர்த் இணைப்பைப் போடுங்கள். சர்ஜுக்காக மட்டும் சொல்லவில்லை. உங்கள் உயிருக்காகவும் சொல்கிறேன். தகுதி பெற்ற எலெக்ட்ரீஷியனைக் கொண்டு, மின்பகிர்வுப் பெட்டியிலிருந்து மேசையருகே உள்ள சாக்கெட் வரையாவது முறையான எர்த் கம்பியை இழுத்து, கருவியால் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். மூன்று விளக்குள்ள சிறிய சாக்கெட் டெஸ்டர், எர்த் கம்பி இணைந்திருக்கிறதா என்பதை மட்டும் காட்டும். அந்த எர்த் எவ்வளவு தரமானது என்பதை அது அளப்பதில்லை. சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலிலிருந்து எர்த் துளைக்கு ஒரு துண்டுக் கம்பியைப் போட்டுக் "கணக்கை முடித்துவிடும்" வழக்கத்தை மட்டும் யார் சொன்னாலும் அனுமதிக்காதீர்கள். நியூட்ரல் எங்காவது அறுந்தால், உங்கள் கணினியின் உலோக உடல் முழு மின்னழுத்தத்தோடு உங்களுக்காகக் காத்திருக்கும்.

கேள்வி: தரமான சர்ஜ் புரொட்டெக்டர்தான் வைத்திருந்தேன். மின்னல் அடித்த மறுநாள் அது நன்றாக இருந்தது. பச்சை விளக்கும் எரிந்தது. ஆனால் கணினியின் நெட்வொர்க் போர்ட்டும் ரவுட்டரும் போய்விட்டன. ஏமாந்துவிட்டேனா?

நீங்கள் ஏமாறவில்லை, சர்ஜ் வேறு வாசல் வழியாக வந்திருக்கிறது. இந்தப் பக்கத்தில் வேறு எதையும் நினைவில் வைக்காவிட்டாலும் இந்தக் கேள்வியை மட்டும் மறந்துவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்வேன், ஏனெனில் வீட்டு அலுவலகங்களில் கருவிகள் எரிவதற்கு இதுவே மிகப் பரவலாகத் தவறவிடப்படும் காரணம்.

உங்கள் மேசைக்கு மின்கம்பி மட்டுமா வருகிறது? தொலைபேசிக் கம்பி அல்லது கேபிள் இணைப்பு ஒன்று ரவுட்டருக்கு வருகிறது. மாடியிலுள்ள கண்காணிப்புக் கேமராவுக்கு நெட்வொர்க் கேபிள் ஒன்று போகிறது. வேறு அறையிலுள்ள பிரிண்டருக்கு இன்னொன்று போகிறது. அருகில் மின்னல் இறங்கும்போது இவை ஒவ்வொன்றிலும் மின்னழுத்தம் ஏறுகிறது, ஆனால் எல்லாவற்றிலும் ஒரே அளவில் ஏறுவதில்லை. உங்கள் புரொட்டெக்டர் மின்கம்பியின் பக்கத்தைக் கட்டுப்படுத்தி வைத்திருந்த அதே நொடியில், தொலைபேசிக் கம்பியின் பக்கம் பல ஆயிரம் வோல்ட் மேலே நின்றிருக்கும். அந்த வேறுபாடு முழுவதும் விழுந்த இடம் ரவுட்டரும், அதிலிருந்து கணினிக்குச் சென்ற கேபிளும். நெட்வொர்க் போர்ட்டுக்குள் இருக்கும் சிறிய மின்மாற்றி, சாதாரணமாக 1500 வோல்ட் வரையிலான வேறுபாட்டைத் தாங்கும்படி அமைந்தது. அதற்குமேல் போனால் அது துளைபட்டு, பின்னாலுள்ள சில்லும் எரிந்துவிடும்.

மேசைக்கு வரும் உலோகக் கம்பிகள் அனைத்தும் ஒரே இடத்தில், ஒரே எர்த்தைப் பகிர்ந்துகொள்ளும் பாதுகாப்பின் வழியாக வர வேண்டும். தொலைபேசி, கேபிள், நெட்வொர்க் இணைப்புகளுக்கும் துளைகள் உள்ள சர்ஜ் புரொட்டெக்டர்கள் கிடைக்கின்றன. ரவுட்டரின் மின்சாரத்தையும் அதற்கு வரும் கம்பியையும் அத்தகைய ஒரே பெட்டியின் வழியாகக் கொண்டு வாருங்கள். அப்போது சர்ஜ் வந்தாலும் இரு பக்கமும் சேர்ந்தே ஏறிச் சேர்ந்தே இறங்கும். நடுவிலிருக்கும் கருவிக்கு வேறுபாடு தெரியாது. மின்சாரத்துக்கு ஒரு மூலையிலும், தொலைபேசிக் கம்பிக்கு வேறொரு மூலையிலும் தனித்தனிப் பெட்டிகளை வைத்தால் இந்தப் பயன் கிடைக்காது.

இதைவிட எளிய வழிகளும் உண்டு. மாடிக் கேமராவுக்குப் போகும் நெட்வொர்க் கேபிள் நேரே கணினியை இணைத்த நெட்வொர்க் ஸ்விட்சுக்கு வர வேண்டியதில்லை. இடையில் ஃபைபர் துண்டு ஒன்றை அதற்குரிய மாற்றிகளோடு போட்டால் சர்ஜ் அதைத் தாண்டி வர முடியாது. வேலைக்குப் போதுமானால் கணினியை வைஃபையில் இணைத்துவிடுங்கள். காற்றில் வரும் இணைப்பு ரவுட்டருக்கு வந்த சர்ஜைக் கணினிக்குக் கடத்தாது.

ஃபைபர் இணைப்பு வைத்திருப்பவர்கள் தங்களுக்கு இந்தக் கவலையே இல்லை என்று நினைக்கிறார்கள். அது பெருமளவு உண்மைதான். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் வெளியே தொங்கும் ஃபைபர் கேபிள்கள் சிலவற்றில் பாரம் தாங்குவதற்காக எஃகுக் கம்பி ஒன்று கூடவே வரும். அதை வீட்டுக்கு வெளியிலேயே பிரித்து நிறுத்திவிட்டு, இழையை மட்டும் உள்ளே கொண்டு வந்திருக்கிறார்களா என்று பாருங்கள். ஃபைபர் முனையப் பெட்டியின் மின் அடாப்டரையும் மறக்காமல் பாதுகாப்புக்குள் கொண்டு வாருங்கள்.

கேள்வி: மின்பகிர்வுப் பெட்டியிலேயே வீட்டுக்கு மொத்தமாக ஒரு சர்ஜ் சாதனம் பொருத்திவிட்டால், மேசைக்குத் தனியாக வேண்டாம் அல்லவா?

இரண்டும் வேண்டும் என்பதே என் பதில். மின்பகிர்வுப் பெட்டியில் பொருத்துவது இரண்டாம் வகைச் சாதனம். மேசையருகே வைப்பது மூன்றாம் வகை. வீட்டின் மேல் இடிதாங்கி இருந்தாலோ, மின்னல் நேரடியாக இறங்கக்கூடிய திறந்தவெளிக் கம்பித்தடத்தில் மின்சாரம் வந்தாலோ, நுழைவாயிலில் முதல் வகைச் சாதனமும் தேவைப்படலாம். அதைப் பொறியாளர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். பெரும்பகுதி ஆற்றலை இரண்டாம் வகை இறக்கிவிடுகிறது. மிஞ்சியதை மூன்றாம் வகை மேசையருகே மட்டுப்படுத்துகிறது. மின்பகிர்வுப் பெட்டிக்கும் கருவிக்கும் நடுவிலுள்ள கம்பி 10 மீட்டருக்கு மேல் நீண்டால், வழியில் எதிரொலித்து மின்னழுத்தம் மறுபடியும் உயரக்கூடும். அதனால்தான் கருவியின் அருகில் இன்னொன்று வேண்டும் என்கிறார்கள்.

பொருத்தும்போது நீங்கள் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. சாதனத்தை இணைக்கும் கம்பிகளின் நீளம், ஃபேஸிலிருந்து சாதனம் வரையும் அங்கிருந்து எர்த் பட்டை வரையும் சேர்த்து, அரை மீட்டருக்குள் இருக்க வேண்டும். சாதாரண மின்னோட்டத்துக்கு ஒரு மீட்டர் செம்புக் கம்பி பெரிய தடையே அல்ல. ஆனால் சில மைக்ரோ விநாடியில் 10,000 ஆம்பியர் வரை பாய்ந்தேறும் சர்ஜுக்கு, அந்த ஒரு மீட்டரில் மட்டும் ஏறக்குறைய 1000 வோல்ட் விழும். 1.5 கிலோவோல்ட் என்று அட்டையில் போட்ட சாதனத்தை ஒன்றரை மீட்டர் கம்பியைச் சுருட்டி அழகாகக் கட்டி இணைத்தால், வீட்டுக்குள் மூன்று கிலோவோல்ட் போய்ச் சேரும். எலெக்ட்ரீஷியன் கம்பியை மிச்சம் விட்டுச் சுருட்டினால், வெட்டிக் குட்டையாக்கி நேராக இணைக்கும்படி தயங்காமல் சொல்லுங்கள்.

கேள்வி: ஸ்டெபிலைசர் இருக்கிறது. அது போதாதா?

போதாது. மின்னழுத்தம் பல விநாடிகளோ மணிக்கணக்கிலோ கூடிக் குறைவதைச் சீராக்குவது ஸ்டெபிலைசரின் வேலை. மைக்ரோ விநாடியில் வரும் சர்ஜுக்கு அதன் ரிலே அசைவதற்கே நேரமிருக்காது. அதேபோல் சர்ஜ் புரொட்டெக்டராலும் நீடித்த மிகை மின்னழுத்தத்தைத் தாங்க முடியாது. மூன்று ஃபேஸ் மின்தடத்தில் நியூட்ரல் அறுந்துவிட்டால், 230 வோல்ட் வர வேண்டிய சாக்கெட்டில் 400 வோல்ட்டை நெருங்கிக்கூட வரலாம்; அது நிமிடக்கணக்கில் நீடிக்கும்போது வேரிஸ்டர் சூடேறி எரிந்துபோகும், பின்னாலுள்ள கருவிகளும் எரியும். இதற்கு மருந்து, மின்னழுத்தம் எல்லை மீறினால் இணைப்பைத் துண்டித்து, சீரானபின் சற்றுத் தாமதித்து மீண்டும் இணைக்கும் கட்-ஆஃப் சாதனம். நியூட்ரல் கோளாறு அடிக்கடி வரும் இடத்தில் இருப்பவர்கள் சர்ஜ் சாதனத்துக்கு முன்பே இதைப் பொருத்துவது நல்லது.

கேள்வி: யூபிஎஸ் வாங்கினால் சர்ஜ் புரொட்டெக்டர் தேவையில்லை என்கிறார்கள். யூபிஎஸ்ஸின் பின்னால் எக்ஸ்டென்ஷன் போட்டு லேசர் பிரிண்டரையும் இணைக்கலாமா? மடிக்கணினிக்கும் யூபிஎஸ் வேண்டுமா?

பெரும்பாலான யூபிஎஸ்களுக்குள் வேரிஸ்டர் உண்டு. ஆனால் அந்த எண்களும் மேலே சொன்னபடி அட்டையில் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். யூபிஎஸ்ஸை, மின்பகிர்வுப் பெட்டியில் இரண்டாம் வகைப் பாதுகாப்புள்ள சாக்கெட்டில் நேராகச் செருகுங்கள். அதன் வெளியீட்டில் சர்ஜ் புரொட்டெக்டரைப் பொருத்த வேண்டாம். பேட்டரியில் ஓடும்போது எளிய யூபிஎஸ்கள் தருவது படிக்கட்டு வடிவ அலை, அதில் சர்ஜ் பெட்டியின் வடிகட்டிப் பாகங்கள் தேவையில்லாமல் சூடேறக்கூடும். ஒரு பெட்டியில் இன்னொரு பெட்டியைச் சங்கிலிபோல் செருகுவதும் தீ விபத்துக்கு இடம் கொடுக்கும்.

லேசர் பிரிண்டரை யூபிஎஸ்ஸின் பேட்டரித் துளையில் இணைக்காதீர்கள். தாளில் மையைப் பதியவைக்கும் அதன் உருளை சூடேறும் ஒவ்வொரு முறையும், சிறிய யூபிஎஸ்ஸின் திறனுக்கு மேலான சுமையை இழுக்கும். பல யூபிஎஸ்களில் "சர்ஜ் மட்டும்" என்று குறித்த துளை இருக்கும். யூபிஎஸ்ஸின் மொத்த அளவுக்குள் வந்தால் அதில் இணைக்கலாம், இல்லையென்றால் பிரிண்டருக்குச் சுவரிலேயே தனிச் சாக்கெட் கொடுங்கள். மடிக்கணினிக்குள் பேட்டரி இருப்பதால் மின்தடைக்காக யூபிஎஸ் தேவையில்லை, சர்ஜ் பாதுகாப்பு மட்டும் போதும். ரவுட்டருக்குச் சிறிய யூபிஎஸ் ஒன்று வைப்பது, கூட்டத்தின் நடுவே இணைப்பு அறுவதைத் தவிர்க்கும் என்பதால், செலவுக்குத் தகுந்த பயன் தரும்.

கேள்வி: சர்ஜ் புரொட்டெக்டரை எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்?

ஆண்டுக்கணக்கைவிட அது பட்ட அடிகளின் கணக்கே முக்கியம். ஒவ்வொரு பெரிய சர்ஜும் வில்லையின் ஆயுளில் ஒரு பகுதியைக் கழித்துக்கொள்கிறது. பாதுகாப்பு விளக்கு அணைந்தால், கருகல் வாசம் வந்தால், பெட்டி கைக்குச் சூடாகத் தெரிந்தால், அல்லது பக்கத்து வீட்டில் மின்னலால் கருவிகள் எரிந்திருந்தால், உடனே மாற்றிவிடுங்கள். வாங்கிய தேதியைப் பின்புறத்தில் எழுதி ஒட்டி வையுங்கள். பாதுகாப்பு நிலையைக் காட்டும் தனி விளக்கு இல்லாத பெட்டியை வாங்கவே வேண்டாம். அதன் வில்லை எப்போது செத்தது என்பது உங்களுக்குத் தெரியாமலே போய்விடும்.

கேள்வி: இவ்வளவும் செய்த பிறகும் இடி இடிக்கும்போது பிளக்கைப் பிடுங்க வேண்டுமா?

ஆம், முடிந்தபோதெல்லாம். வீட்டின் மீதோ மிக அருகிலோ இறங்கும் நேரடி மின்னலின் மின்னோட்டம் பல்லாயிரம் ஆம்பியர்; மேசைப் பெட்டி எதுவும் அதை எதிர்கொள்ளும்படி செய்ததல்ல. ஆனால் மின்னல் தலைக்கு மேல் வந்த பிறகு பிளக்கைத் தொடாதீர்கள், அது உங்களுக்கே ஆபத்து. வானிலை அறிவிப்பைப் பார்த்தோ, தொலைவில் முதல் இடி கேட்கும் முன்போ எழுந்து பிடுங்கிவிடுங்கள். மேசையை விட்டு வெளியூர் போகும் நாட்களில் எப்போதும் பிடுங்கிவிட்டே போங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழிந்த பிறகே மீண்டும் செருகலாம். மின்சாரப் பிளக்கோடு, ரவுட்டருக்கு வரும் தொலைபேசி அல்லது கேபிள் இணைப்பையும், வெளியிலிருந்து வரும் நெட்வொர்க் கேபிளையும் கழற்றி, முனைகள் கருவிகளைத் தொடாதபடி ஓரடி தள்ளிப் போட்டு வையுங்கள்.